பள்ளத்துக்கு வாடகை

பிப்ரவரி 9

தம்பிக்கு,

நலமா என்று கேட்டுத்தான் எப்போதும் ஆரம்பிப்பேன். இன்று மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு எழுதுகிறேன். இந்த லட்சணத்தில் யார் யாருடைய நலத்தை விசாரிப்பது?

நம் ஊர் எல்லையில் இருக்கும் சுண்ணாம்புக்கல் பள்ளம் உனக்கு மறந்திருக்காது. துரைமார் காலத்தில் தோண்டித் தோண்டிக் கல்லைக் கப்பலேற்றிக்கொண்டு போனார்களே, அதே பள்ளம். இப்போது அதைச் சுற்றி முள்கம்பி வேலி, வாசலில் காவலாளி. போன மாதத்திலிருந்து துறைமுகத்துக்குக் கப்பல் வருகிறது. இத்தனை வருடம் கழித்துக் கப்பலா என்று ஊரே கரையில் போய் நின்றது. இறக்கியது எல்லாம் மூட்டை. மூட்டைமேல் "மண்வள உரம்" என்று நம் மொழியிலேயே அச்சடித்திருக்கிறார்கள். லாரி லாரியாகக் கொண்டுபோய் அந்தப் பள்ளத்தில் கொட்டுகிறார்கள். உரம் என்றால் வயலுக்குத்தானே போக வேண்டும்? இது ஏன் குழிக்குப் போகிறது? வெயில் ஏறினால் வருகிற நாற்றம் இருக்கிறதே, செத்த எலியையும் மருந்துக்கடையையும் சேர்த்து வேகவைத்தது மாதிரி. அடுப்பிலிருந்து ரொட்டியை எடுத்தால் ரொட்டி வாசனையே தெரியவில்லை.

இதற்கெல்லாம் மேலாளர் என்று ஒருவன் வந்திருக்கிறான். நம் நாட்டுக்காரன்தான், வெளிநாட்டில் படித்தவன். தெருமுனையில் திரும்பும்போதே அவன் பூசிய சென்ட்டு வீட்டுக்குள் வந்துவிடும். ஊர் அவனுக்கு 'சென்ட்டு' என்றே பெயர் வைத்துவிட்டது. நேற்று என் பேக்கரிக்கு வந்தான்.

"அக்கா, உங்க ஊருக்கு நல்ல காலம் பொறந்தாச்சு."

"அது எந்தப் பக்கமா வருதுன்னு மூக்குக்கே தெரியுதேப்பா" என்றேன்.

சிரித்தான். "உங்க தம்பி இல்லன்னா இது நடந்தே இருக்காதுக்கா. அமைச்சகத்துல அவர் மேசை வழியாத்தானே அனுமதி வந்துச்சு."

அவன் பெருமையாகச் சொன்னான். எனக்கு எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. உண்மையா?

அக்கா

பிப்ரவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

உண்மைதான். அனுமதிக் குறிப்பைத் தயாரித்தது நான். கையெழுத்து அமைச்சருடையது. இதில் மறைக்க ஒன்றுமில்லை.

பதறாமல் படி. வந்து இறங்குவது குப்பை இல்லை, மறுசுழற்சிக்கான மூலப்பொருள். துரைமார் நாட்டில் பிரித்தெடுக்கக் கூலி கட்டுப்படியாகாது, அதனால் இங்கே அனுப்புகிறார்கள். பிரிக்க ஆள் வேண்டும். நம் ஊரில் ஆளுக்குப் பஞ்சமா? துறைமுகம் மூடிய நாளிலிருந்து டீக்கடை பெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருக்கிறவர்கள் எத்தனை பேர் என்று உனக்கே தெரியும். இந்த ஒப்பந்தத்தோடுதான் துறைமுகத்தை ஆழப்படுத்தக் கடன் வருகிறது, சாலை வருகிறது. கடன் கொடுக்கிறவர்களுக்கு நாம் எதையாவது விட்டுக்கொடுக்க வேண்டும். ஒன்றும் விட்டுக்கொடுக்காத நாடு எதுவும் இந்த மேசையில் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை.

இன்னொன்று யோசித்துப் பார். துரைமார் கல்லை எடுத்துக்கொண்டு நமக்குப் பள்ளத்தை விட்டுவிட்டுப் போனார்கள். அந்தப் பள்ளத்துக்கு இப்போது அவர்களிடமிருந்தே வாடகை வாங்குகிறோம். இதை நான் கூட்டத்தில் சொன்னபோது அமைச்சர் மேசையைத் தட்டிச் சிரித்தார். எனக்குமே அது ஒருவகை நியாயமாகத்தான் படுகிறது.

நாற்றம் ஆரம்பத்தில் இருக்கும். மேலே மண் போட்டதும் அடங்கிவிடும். அத்தானுக்கு அங்கே கண்காணிப்பாளர் வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் கூப்பிடுவார்கள். கடையில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்காதே.

உன் தம்பி

மார்ச் 17

தம்பிக்கு,

ஒரு வார்த்தை என்னைக் கேட்டாயா? என் புருஷனுக்கு வேலை வாங்கிக் கொடுக்கிறவன் என்னிடம் கேட்க வேண்டாமா? கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். அது தெரிந்துதான் நீ நேராக அவருக்கே சொல்லி அனுப்பினாய்.

அவர் போய்விட்டார். கிரேன் ஓட்டிய மனிதர், துறைமுகம் மூடியதிலிருந்து என் கடையில் சில்லறை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர். முதல் நாள் காலையில் முகம் மழித்து, கம்பெனித் தொப்பியைக் கண்ணாடி முன்னால் வைத்து வைத்துச் சரிபார்த்தார். அந்த முகத்தைப் பார்த்து நான் என்ன சொல்ல? சாப்பாட்டைக் கட்டிக் கொடுத்தேன்.

இப்போது அவர் வீட்டுக்குள் வருவதற்கு முன் கொல்லையிலேயே உடுப்பைக் கழற்றி வாளியில் போடுகிறார். சோப்புப் போட்டுத் தேய்க்கிறார், மறுபடி தேய்க்கிறார். படுக்கையில் திரும்பினால் அந்த நாற்றம் அவர் காதுக்குப் பின்னாலிருந்து வருகிறது. "இன்னும் வருதா?" என்று கேட்பார். "இல்லை" என்பேன். பொய்தான்.

அந்த மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று உனக்குச் சொல்கிறேன், நீ குறிப்பில் எழுதியிருக்க மாட்டாய். பள்ளத்து ஆட்களுக்கு ரொட்டி கொடுக்கப் போனேன். ஆமாம், அந்த ஆர்டரை நான்தான் எடுத்தேன், எனக்கும் வியாபாரம் வேண்டும். ஒரு மூட்டை கிழிந்து கிடந்தது. பிள்ளைகளுக்குக் கட்டிவிடுகிற டயப்பர், மலத்தோடு சுருட்டியபடியே. ரத்தம் காய்ந்த பஞ்சு. ஊசி. யாரோ பாதி கடித்துப் போட்ட இறைச்சி, அதில் புழு. கடல் தாண்டி வந்த புழு, தம்பி! உடைந்த பொம்மைத் தலை. கிழவர் யாருடையதோ பல்செட்டு. மறுசுழற்சியா? யாருடைய பல்லை யாருக்கு மாட்டப் போகிறீர்கள்?

அத்தானோடு வேலை செய்கிற மீசை என்பவர், தினமும் காலையில் முதல் ரொட்டி வாங்குகிறவர், அதைக் குனிந்து வெறும் கையால் பொறுக்குகிறார். கையுறை இல்லையா என்றேன். "மூட்டைக்குள்ளயே நிறைய கெடக்குதுக்கா, யாரோ போட்டுக் கழட்டினது" என்று சிரித்தார். அந்தக் கையுறைகளைத்தான் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஊதிப் பலூன் விடுகிறார்கள். வாயை வைத்து ஊதுகிறார்கள்.

மண் போட்டு மூடிவிட்டால் போய்விடுமா? கீழே இருப்பது சுண்ணாம்புக்கல். தண்ணீர் இறங்கும். என் கிணறு அங்கிருந்து கூப்பிடு தூரம்.

அக்கா

ஏப்ரல் 6

அக்கா,

பத்திரிகையில் உன் படம். கையில் ஊதிய கையுறை. கீழே "அமைச்சக அதிகாரியின் சகோதரி". இதைவிட என் முகத்தில் நேராகக் காறித் துப்பியிருக்கலாம்.

செயலாளர் என்னைக் கூப்பிட்டு அந்தப் பக்கத்தை விரித்து வைத்தார். குளிர்சாதன அறை, அந்தப் பக்கம் கடன் கொடுக்கும் நிறுவனத்தின் ஆட்கள். அமைச்சர் பல்குச்சியால் பல்லைக் குத்திக்கொண்டே, "ஒங்கக்காவுக்கு வேற வேலை இல்லியா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வந்திருந்த வெளிநாட்டு அம்மாள் ஒருத்தி எல்லாரோடும் கைகுலுக்கிவிட்டு, நாற்காலிக்குக் கீழே கையை வைத்து ஈரக் காகிதத்தால் துடைத்துக்கொண்டிருந்தாள். என் கண்ணில் பட்டுவிட்டது என்று தெரிந்ததும் புன்னகை செய்தாள். நானும் புன்னகை செய்தேன். இதுதான் என் வேலை, அக்கா. நீ நினைக்கிற மாதிரி நான் இங்கே சிம்மாசனத்தில் உட்கார்ந்திருக்கவில்லை.

கிணறுகளைச் சோதித்தாகிவிட்டது. தண்ணீர் பாதுகாப்பானது என்று அறிக்கை வந்துவிட்டது. அதை நானே பத்திரிகைக்கு அனுப்பியிருக்கிறேன். இனி உன் கிணற்றைப் பற்றி வதந்தி கிளப்பாதே. அத்தானின் வேலையையும் கொஞ்சம் நினைத்துப் பார்.

மாதக் கடைசியில் அமைச்சர் நேரில் பார்வையிட வருகிறார். நானும் வருவேன். அன்றைக்காவது வாயைக் கட்டு.

தம்பி

ஏப்ரல் 30

தம்பிக்கு,

வந்தாய், போனாய். ஊரே பார்த்தது. நான் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

அமைச்சர் வருவதற்கு முதல் நாள் பள்ளத்துச் சாலை முழுக்கச் சுண்ணாம்புத் தூள் தூவினார்கள். பூந்தொட்டிகள் லாரியில் வந்து இறங்கின, அவர் போனதும் அதே லாரியில் ஏறின. சென்ட்டு தன் வாசனைப் பாட்டிலை வேலி ஓரமெல்லாம் தெளித்தான். அமைச்சர் காரை விட்டு இறங்கி, கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டே, "இங்கே ஒரு நாற்றமும் இல்லை" என்று பேசினார். கைக்குட்டைக்குள்ளிருந்து பேசினார், தம்பி. ஜனங்கள் கைதட்டினார்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பிறகு நீ வீட்டுக்கு வந்தாய். பெட்டியோடு, அதிகாரி சட்டையோடு. எத்தனை நாள் கழித்து வருகிறான் என்று எனக்குக் கோபமெல்லாம் எங்கோ போய்விட்டது. உட்காரச் சொன்னேன். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். டம்ளரை வாங்கினாய். உதட்டுவரை கொண்டுபோனாய். கீழே வைத்தாய். "இப்பத்தான் குடிச்சேன்க்கா" என்றாய். உன் பைக்குள்ளே தலைநகரத்துப் பாட்டில் தலையை நீட்டிக்கொண்டிருந்தது.

நீ அறிக்கை அனுப்பிய அதே கிணற்றுத் தண்ணீர். அதைத்தான் நாங்கள் குடிக்கிறோம். அதில்தான் நான் மாவு பிசைகிறேன்.

நீ போனபிறகு அத்தான் அந்த டம்ளரைக் கையில் எடுத்துப் பார்த்தார். அப்புறம் சொன்னார்: "அவனுக்குத் தெரிஞ்சிருக்கு."

அக்கா

மே 9

அக்கா,

ஆமாம். குடிக்கவில்லை. முடியவில்லை.

முதல் சோதனை வேறு மாதிரி வந்தது. மறுபடி எடுக்கச் சொன்னார்கள், பள்ளத்திலிருந்து ரொம்பத் தள்ளி இருக்கிற கிணற்றில் எடுத்தார்கள். இதற்குமேல் காகிதத்தில் எழுத என்னால் முடியாது. படித்ததும் கிழித்துப்போடு.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அமைச்சக வண்டி துறைமுகத்துக்கு வரும். அதில் உனக்கும் அத்தானுக்கும் போதுமான தண்ணீர் பாட்டில்களை அனுப்பி வைக்கிறேன். குடிக்கவும் சமைக்கவும் அதையே வைத்துக்கொள். அக்கம்பக்கத்தில் சொல்லாதே. எல்லாருக்கும் அனுப்ப என்னால் ஆகாது.

என்னைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய் என்று தெரியும். நான் விலகிவிட்டால் என் நாற்காலியில் இன்னொருவன் உட்காருவான். அவனுக்கு அந்த ஊரில் அக்கா இருக்க மாட்டாள். அது ஒன்றுதான் வித்தியாசம்.

தம்பி

ஜூன் 3

தம்பிக்கு,

உன் பாட்டில்களைப் பிரிக்காமல் அதே வண்டியில் திருப்பி அனுப்பிவிட்டேன். கிடைத்திருக்கும். கதவைச் சாத்திக்கொண்டு ஒளிந்து ஒளிந்து தண்ணீர் குடிக்கிற பிழைப்பு எனக்கு வேண்டாம். அதை நினைத்தாலே அந்த மூட்டையைப் பார்த்த அன்று குமட்டியதைவிட அதிகமாகக் குமட்டுகிறது.

கடையை மூடிவிட்டேன். மாவு உப்பவே இல்லை. உப்பிய ஒன்றிரண்டும் வாயில் வைத்தால் நாக்கு மரத்துப்போகிறது. கிணறுதான் காரணம் என்று வாசலில் எழுதி ஒட்டினேன். அன்று சாயங்காலமே கடைக் கதவில் கல் விழுந்தது. எறிந்தவர்கள் வெளியூர் ஆட்கள் இல்லை. என்னிடம் கடனுக்கு ரொட்டி வாங்கித் தின்ற கைகள்தான். "எங்க பொழப்புல மண்ணைப் போடாதே" என்று பக்கத்து வீட்டுக்காரி என் முகத்துக்கு நேரே கத்தினாள். அவள் மகன் அங்கே வேலை செய்கிறான். அவன் கை முழுக்கக் கொப்புளம். அவளே தினமும் எண்ணெய் தடவிவிடுகிறாள்.

போன வியாழக்கிழமை பள்ளத்தில் தீப்பிடித்தது. அடியில் ரசாயனப் பீப்பாய்கள் இருந்திருக்கின்றன. மூட்டைகளுக்குக் கீழே மறைத்து வைத்ததை யாருக்கும் சொல்லவில்லை. மஞ்சள் புகை. தீயணைக்க வண்டி இல்லை. சென்ட்டு ஆட்களிடம் வாளியைக் கொடுத்து, "போங்க போங்க, சீக்கிரம்" என்று வேலிக்கு வெளியே நின்று விரட்டினான். அத்தானும் மீசையும் முதலில் இறங்கினார்கள். அத்தானை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். மீசையை மறுநாள்தான் எடுத்தார்கள். அவர் மனைவியிடம் மூடித்தான் காட்டினார்கள்.

அத்தான் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார். பேசினால் இருமுகிறார், இருமினால் கறுப்பாக வருகிறது. டாக்டர் நுரையீரல் இனி பழையபடி ஆகாது என்கிறார். நேற்று சென்ட்டு பழக்கூடையோடு வந்தான். பழத்துக்கு அடியில் ஒரு காகிதம். அத்தான் அங்கே வேலையே செய்யவில்லை, வேடிக்கை பார்க்கப் போய் மாட்டிக்கொண்டார் என்று எழுதிக் கையெழுத்துக் கேட்டான். நான் கூடையைத் தூக்கி வராந்தாவில் எறிந்தேன். ஆரஞ்சுகள் மற்ற நோயாளிகளின் கட்டிலுக்கு அடியிலெல்லாம் ஓடின. அவன் கோபப்படவே இல்லை. "யோசிச்சு சொல்லுங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மீசையின் மனைவி இன்று காலை துறைமுகச் சாலையில் போய் உட்கார்ந்துவிட்டாள். தனியாக. லாரி ஹாரன் அடிக்கிறது, அவள் எழுந்திருக்கவில்லை. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மத்தியானத்துக்குள் பத்துப் பதினைந்து பெண்கள் ஆகிவிட்டோம். பக்கத்து வீட்டுக்காரியும் வந்தாள். என் முகத்தைப் பார்க்காமல் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

நாளையும் உட்காருவோம். போலீஸை அனுப்புகிற குறிப்பும் உன் மேசை வழியாகத்தான் வருமா?

அக்கா

ஜூலை 15

அன்புள்ள அக்காவுக்கு,

ஜெயித்துவிட்டாய்!

அமைச்சரவை நேற்று முடிவெடுத்தது. எரிந்தது போக மிச்சம் எல்லாவற்றையும் அதே கப்பலில் ஏற்றித் திருப்பி அனுப்ப வேண்டும், பள்ளத்தை மூட வேண்டும், ஒப்பந்தம் ரத்து. போலீஸ் உங்களைச் சாலையிலிருந்து தலைமுடியைப் பிடித்து இழுத்த படம் வெளிநாட்டுப் பத்திரிகைகளில் வந்ததும் இங்கே எல்லாரும் ஆடிப்போய்விட்டார்கள். கடன் கொடுக்கிறவர்களே தொலைபேசியில் கூப்பிட்டார்கள். அவர்களுக்கு நாற்றம் பிரச்சினை இல்லை, படம்தான் பிரச்சினை. எதுவாக இருந்தால் என்ன, வேலை நடந்தது.

திருப்பி அனுப்புகிற உத்தரவை நான்தான் எழுதினேன். கேட்டு வாங்கி எழுதினேன். முதல் தடவையாக நான் எழுதிய ஒன்றை வீட்டில் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். உன் கையில் போலீஸ் அடித்த இடம் இப்போது எப்படி இருக்கிறது? அத்தானை இங்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்து வா. நானே ஏற்பாடு செய்கிறேன், அரசாங்கச் செலவில் இல்லை, என் செலவில்.

அமைச்சர் இப்போது மேடைக்கு மேடை "அந்நியக் குப்பையை விரட்டியவன் நான்" என்று பேசுகிறார். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. பேசிவிட்டுப் போகட்டும்.

உன் தம்பி

செப்டம்பர் 18

தம்பிக்கு,

உன் போன கடிதத்தை அத்தானுக்கு உரக்கப் படித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஊரில் அன்று வெடி ஒன்றுதான் பாக்கி. கப்பல் புறப்பட்டபோது நாங்கள் எல்லாரும் கரையில் நின்றோம். மீசையின் மனைவி மட்டும் வரவில்லை. "அது போனா அவரு வந்துருவாரா" என்றாள்.

தலைநகரத்து டாக்டர் கொடுத்த மருந்தில் அத்தான் கொஞ்சம் தேறியிருக்கிறார். உனக்கு அவர் நன்றி சொல்லச் சொன்னார். நானும் சொல்கிறேன். லாரித் தண்ணீர் வருகிறது, அடுப்பை மறுபடி பற்றவைத்திருக்கிறேன்.

இதோடு நிறுத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நேற்று துறைமுகத்தில் சிமெண்ட் ஏற்றி ஒரு கப்பல் வந்தது. அதன் சமையல்காரர் ரொட்டி வாங்க வந்தார். முன்பு அந்த மூட்டைகளைக் கொண்டுவந்தபோதும் என்னிடம்தான் ரொட்டி வாங்குவார், நம் மொழி கொஞ்சம் பேசுவார். வேறு கப்பலுக்கு மாறிவிட்டீர்களா என்றேன். "அதே கப்பல்தாம்மா. பேரு மட்டும் புதுசு" என்றார்.

குப்பையை எங்கே இறக்கினீர்கள் என்று கேட்டேன். அனுப்பியவர்கள் தங்கள் துறைமுகத்தில் விடவே இல்லையாம். வாரக்கணக்கில் கடலில் சுற்றியிருக்கிறார்கள். கடைசியில் வேறொரு நாட்டில், ஒரு சின்ன ஊரின் கடற்கரையில் இறக்கிவிட்டார்கள். "எங்களுக்குச் சமைக்கிற இடத்துலகூட புழு நெளிஞ்சுதும்மா. எறக்குனா போதும்னு ஆயிடுச்சு" என்றார். அந்த ஊர்க்காரர்கள் எப்படிச் சம்மதித்தார்கள் என்றேன். உரம் என்று சொல்லித்தானாம். சோதித்துப் பார்த்தாயிற்று, கெடுதல் இல்லை என்று அரசாங்கச் சான்று இருந்ததாம்.

எந்த அரசாங்கம் என்றேன். அவர் ரொட்டிப் பையைத் தூக்கிக்கொண்டு, என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "உங்க அரசாங்கம்தாம்மா."

அவர் தப்பாகச் சொல்லியிருக்கலாம். நீ இல்லை என்று எழுது. நான் நம்புகிறேன்.

அக்கா

செப்டம்பர் 29

அக்கா,

இல்லை என்று எழுதத்தான் முதலில் உட்கார்ந்தேன்.

சான்று நம்முடையதுதான். நான் எழுதினேன். கெடுதல் இல்லாதது என்று சான்று இல்லாவிட்டால் கப்பல் கம்பெனி ஒரு மூட்டையைக்கூட ஏற்றாது, உலகத்தில் எந்தத் துறைமுகமும் உள்ளே விடாது. அனுப்பியவர்கள் திரும்ப வாங்க மாட்டார்கள் என்று அமைச்சரவைக்கு முன்பே தெரியும். எங்கே போனாலும் சரி, இங்கிருந்து போனால் போதும் என்று முடிவாயிற்று. நீங்கள் சாலையில் உட்கார்ந்துகொண்டு கேட்டதும் அதுதானே? போகட்டும் என்றீர்கள். எங்கே போக வேண்டும் என்று உங்களில் யாராவது கேட்டீர்களா?

கோபித்துக்கொள்ளாதே. நான் உன்னைக் குற்றம் சொல்லவில்லை. என் ஊரைக் காப்பாற்ற வேறு வழி தெரியவில்லை. அத்தான் கறுப்பு கறுப்பாக இருமிக்கொண்டிருந்தபோது முகம் தெரியாத ஓர் ஊரைப் பற்றி என்னால் யோசிக்க முடியவில்லை. நீ என் இடத்தில் இருந்திருந்தாலும் இதைத்தான் செய்திருப்பாய்.

இன்னொன்றையும் நீ வேறு யார் வாயிலிருந்தும் கேட்க வேண்டாம். கழிவுகளைக் கையாளுவதில் அனுபவமுள்ளவன் என்று என்னை, இப்போது குப்பை இறங்கியிருக்கிற அந்த நாட்டு அரசாங்கத்துக்கு ஆலோசகராக அனுப்புகிறார்கள். நவம்பரில் பயணம். சம்பளம் கடன் கொடுக்கும் நிறுவனத்துடையது. மறுத்துவிடலாம் என்று நினைத்தேன். பிறகு, அங்கே போனால் ஏதாவது செய்யலாமே என்றும் நினைக்கிறேன்.

தம்பி

அக்டோபர் 10

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் பல தடவை படித்துவிட்டேன். எங்கே போக வேண்டும் என்று யாராவது கேட்டீர்களா என்று எழுதியிருக்கிறாய். கேட்கவில்லை. கப்பல் கண்ணுக்கு மறைந்ததும் நான் கை கழுவிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அது என் பங்கு. உன் பங்கு வேறு. நான் கேட்காமல் விட்டேன். நீ தெரிந்தே கையெழுத்துக்குக் கொண்டுபோனாய். இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பூசி மெழுகாதே.

ஊர்க்காரர்களைக் கடையில் கூட்டி வைத்துச் சமையல்காரர் சொன்னதைச் சொன்னேன். சாலையில் என்னோடு அடி வாங்கியவர்கள்தான் எல்லாரும். பக்கத்து வீட்டுக்காரி முதலில் எழுந்தாள். "நம்மகிட்ட இருந்து போயிருச்சுல்ல? அப்புறம் எதுக்கு வம்பு? அவங்க ஊரு, அவங்க பாடு" என்றாள். நிறையப் பேர் தலையாட்டினார்கள். தப்பித்துவிட்ட நிம்மதி அந்த முகங்களில் எண்ணெய் மாதிரி மினுங்கியது. எனக்கு அவர்களைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் போன மாதம்வரை என் முகத்திலும் அதுதானே மினுங்கியது?

எல்லாரும் போனபிறகு மீசையின் மனைவி மட்டும் போகாமல் நின்றாள். "அங்க எவ புருஷன் எறங்குறானோ" என்றாள்.

அந்த ஊரின் பெயரைச் சமையல்காரரிடம் கேட்டு வாங்கிவிட்டேன். முன்பு என்னைப் படம் எடுத்த நிருபரை வரச் சொல்லியிருக்கிறேன். நாளைக் காலை வருகிறார். அந்த நாட்டுப் பத்திரிகைகளிலும் வருகிற மாதிரி செய்ய அவருக்கு வழி தெரியுமாம். மூட்டைக்குள் என்ன இருந்தது, பீப்பாய் எங்கே இருந்தது, மீசை எப்படிச் செத்தார், அத்தான் நெஞ்சுக்குள் இப்போது என்ன இருக்கிறது எல்லாம் நானும் மீசையின் மனைவியும் சொல்லப்போகிறோம். கெடுதல் இல்லை என்ற சான்று பொய் என்று சொல்வேன். யார் எழுதியது என்று கேட்பார். என் தம்பி என்று சொல்வேன். அமைச்சர் தன் தலையைக் காப்பாற்ற உன்னை நடுத்தெருவில் விடுவார், உன்மேல் வழக்கு வரும், ஜெயில்கூட வரலாம். எல்லாம் தெரிந்துதான் செய்கிறேன். உன் பெயரைச் சொல்லாமல் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். இன்னொரு வதந்தி என்று உன்னைப் போல ஒருவன் அறிக்கை அனுப்புவான்.

நேற்று அத்தானிடம் சொன்னேன். நீ அவருக்கு மருந்து வாங்கிக் கொடுத்தவன். வேண்டாம் என்பார் என்று எதிர்பார்த்தேன், உள்ளூர ஆசையும் பட்டேன். அவர் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார்: "சொல்லிரு. ஆனா அவனுக்கு முன்கூட்டியே எழுதிப் போட்டுரு. பின்னாலேர்ந்து குத்துன மாதிரி இருக்கக் கூடாது."

அதற்காகத்தான் இந்தக் கடிதம். தபால் போய்ச் சேர மூன்று நான்கு நாள் ஆகும். செய்தி அச்சாக ஒரு வாரம் ஆகும் என்கிறார் நிருபர். நடுவில் உனக்குக் கொஞ்ச நாள் இருக்கிறது. அதற்குள் நீயாகவே முன்னால் போய்ச் சொல்லிவிட்டால் அது வேறு. சொல்வாயா என்று எனக்குத் தெரியவில்லை. சின்ன வயதில் உன்னை எனக்குத் தெரியும், இப்போது தெரியவில்லை.

ஒன்று மட்டும் செய். உன் மனைவியை உட்காரவைத்து, எல்லாவற்றையும் நீயே உன் வாயால் சொல்லிவிடு. பேப்பரைப் பார்த்து அவள் தெரிந்துகொள்ளும்படி விட்டுவிடாதே.

அக்கா